ஊட்டியில் வைக்கோல் மூடாக்கு: மூன்று பனிக்காலத்துக்குப் பிறகு

"இந்த வருஷமும் வைக்கோல் போடப் போறியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா நேற்று கேட்டார். செடிக்கு அடியில் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்கைத்தான் சொன்னார். சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கி எங்கள் தோட்டத்தில்தான் தேங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவென்றால் விடியும்போது உறைபனியில் புல் வெளுத்துக் கிடக்கும். முதல் வருடம் டேலியா, ஜெரேனியம் பூச்செடிகள் எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் இலைகள் வெந்த கீரை மாதிரி தொங்குகின்றன. வைக்கோல் போதாமல் விட்டுவிட்ட ஓரப் பாத்தியில் அதே ஜெரேனியம் பாதிக்கு மேல் தப்பியிருந்தது. வயிறெரிந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பகலில் வெயில் வாங்கிய ஈரமண், இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும். இலைக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்சக் கதகதப்பு அதுதான். வைக்கோல் அதை மண்ணுக்குள்ளேயே தடுத்துவிடுகிறது. இங்கே வேர்வரை மண் உறைவதில்லை, கருகுவது இலைதான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்கு மேலே மிலார் என்ற செடியைப் போட்டு மூடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நான் தரையை மூடிவிட்டு இலையைத் திறந்துவிட்டேன். "மூடாக்கு போட்டால் பனிக்குக் கவலையில்லை" என்றவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை என்பதில் இன்னும் கோபம் இருக்கிறது.

இப்போது மாலையில் குச்சி நட்டு மேலே பழைய பருத்திச் சேலையைப் போர்த்துகிறேன். வெயில் ஏறியதும் எடுத்துவிடுவேன். இலை பிழைப்பது அதனால்தான். வைக்கோலுக்கு அடியில் ஓடில்லாத நத்தைகள் வேறு குடியேறுகின்றன. தண்டை ஒட்டிப் போட்டால் அழுகல் வரும், ஒரு சாண் தள்ளித்தான் போட வேண்டும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். தண்டு முழுக்கக் கருகிப்போன டேலியாவின் கிழங்கு மண்ணுக்குள் கெட்டியாக இருந்தது, அப்புறம் துளிர்த்தது. பிப்ரவரி கடைசியில், காற்று காய்ந்து உதடு வெடிக்கிற நாட்களில், வைக்கோலை விலக்கி விரலை விட்டால் மண் ஈரமாக, பொலபொலவென்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அது கெட்டிக்கட்டி. அந்த மண்ணைக் கையில் அள்ளும்போது எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

பனியிலிருந்து இலையைக் காப்பாற்றத்தான் என்றால் வைக்கோல் வாங்காதீர்கள், அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு நான்கு கட்டு சொல்லி வைத்திருக்கிறேன்.