அடுத்த ஃபால்அவுட்டில் எந்தப் பசி வேண்டும்?

அடுத்த ஃபால்அவுட் வீடியோ கேமில் நம் பாத்திரத்துக்குப் பசி, தாகம், தூக்கம் எல்லாம் இருக்க வேண்டும் என்பதில் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கூட்டத்துக்குள் சண்டையே இல்லை. அதே வரிசையில் 2010இல் வந்த நியூ வேகாஸின் 'ஹார்ட்கோர்' முறையா, ஃபால்அவுட் 4இன் 'சர்வைவல்' முறையா என்பதில்தான் சண்டை.

இரண்டிலும் தோட்டாவுக்குக்கூட எடை உண்டு. ஆனால் சர்வைவல் இன்னும் கொடுமைக்காரி: நோய் வரும், நினைத்த ஊருக்குத் தாவ முடியாது, நடந்தே தீர வேண்டும். நடக்க நடக்க, கதை நடக்கும் பாஸ்டன் நகரம் மனப்பாடமாகிவிடுகிறது. இதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சர்வைவலில் படுத்துத் தூங்கினால்தான் ஆட்டம் பதிவாகும் என்று வைத்தார்களே, அது டர்பனுக்கு ஆகாது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மணியைப் பார்த்துக்கொண்டே இடிந்த வீடுகளுக்குள் மெத்தை தேடி ஓடுவேன். கிழிந்த மெத்தை கண்ணில் படும். கை வைப்பதற்குள் திரை இருண்டுவிடும். ஒரு மாலை நேர உழைப்பு போயே போயிற்று!

நியூ வேகாஸில் நின்ற இடத்திலேயே பதிந்துகொள்ளலாம். அதற்காக அது சலுகை காட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். தூங்கி எழுந்தால் உடைந்த கால் சேராது. மருத்துவரையோ மருத்துவப் பையையோ தேட வேண்டும். கூட வரும் துணைவர் செத்தால் செத்ததுதான். எனக்கு அந்தப் பயம் போதும்.