ட்ரோம்சோவில் திமிங்கிலம் பார்க்க டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க

நார்வேயின் வடக்கே உள்ள ட்ரோம்சோ பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை ஓர்க்கா (கொலையாளித் திமிங்கிலம்) சீசன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்ததால் ஒரு புக்கிங் தளத்தில் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டோம். ஆளுக்கு 2000 குரோனருக்கு மேல். தளத்தின் பெயர் வேண்டாம், இதே மாதிரி விற்பவர்கள் நிறைய. விளம்பரம் சொன்னது: ட்ரோம்சோவிலிருந்து புறப்பாடு, 10 மணி நேரம், எல்லா வயதினருக்கும், திமிங்கிலம் காண்பது உறுதி.

காலையில் துறைமுகத்துக்கு வந்து நின்றது பஸ். ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஷெர்வோய் என்ற ஊருக்குப் போகிறோம் என்றார் டிரைவர். இருட்டில், பனிச் சாலையில் மூன்றரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு மூன்றரை. மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷெர்வோய் போவதில் தப்பில்லை. ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல் இடுக்குகள்) குளிர்காலத்தைக் கழிக்கும் ஹெர்ரிங் மீனைத் தேடித்தான் ஓர்க்காவும் கூன்முதுகுத் திமிங்கிலமும் வருகின்றன. சில வருடங்களுக்கு முன்புவரை ட்ரோம்சோவை ஒட்டிய குவாலோயா தீவுப் பக்கமே வந்தன. மீன் வடக்கே, ஷெர்வோயை ஒட்டிய குவெனாங்கன் ஃபியோர்டு பக்கம் நகர்ந்ததும் இவையும் போய்விட்டன. மீன் எங்கே போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் பஸ் எங்கே போகும் என்று எழுதலாமே?

படகுத்துறையில் அடுத்த அடி. நின்றது ரிப் படகு: சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் விளிம்பு, குதிரைச் சேணம் மாதிரி இருக்கை, மேலே கூரை கிடையாது. அலைமேல் குதித்துக் குதித்துப் போகும். முதுகுவலி இருக்கிறதா என்று வழிகாட்டி கேட்டார். அம்மா மறைக்காமல், "இடுப்பு வலி உண்டு தம்பி" என்றார். ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். அந்தப் பையன் செய்தது சரி. டிக்கெட் விற்றவர்கள்தான் இதை முன்பே கேட்டிருக்க வேண்டும். பணம்? "புக் செய்த இடத்தில் கேளுங்கள்." அம்மா பக்கத்து கஃபேயில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கொடுத்த மிதவை உடையில் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஜிப்பின் பல் போயிருந்தது. மாற்று கேட்டேன். சாம்பல் நிற டேப்பை எடுத்து ஒட்டினார்கள். முதல் பெரிய அலையிலேயே டேப் பிய்ந்து, தண்ணீர் நெஞ்சுவரை இறங்கியது.

கடலில் இருந்தது ஒன்றரை மணி நேரம். டிசம்பரில் அங்கே சூரியன் எழுவதே இல்லை, நடுப்பகலில் ஒரு நீல மங்கல் மட்டும். அதற்குள் கண்ணில் பட்டவை இரண்டு போர்பாய்ஸ், டால்பினைவிடச் சின்ன இனம். கறுப்பாக முதுகு ஒரு தடவை தெரிந்தது, அவ்வளவுதான். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உறுதி கொடுத்தீர்களே என்று மெயில் போட்டால், நிபந்தனையில் திமிங்கில வகை எது தென்பட்டாலும் கணக்கு, போர்பாய்ஸும் அதில் சேர்த்தி என்று பதில். எதுவுமே தெரியாமல் போயிருந்தாலும் பணம் வராதாம், இன்னொரு பயணத்துக்கு வவுச்சர்தான். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையைக் கேட்கலாமே என்பீர்கள். தேதி குறித்து விற்கும் சுற்றுலாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

அம்மாவின் டிக்கெட் பணம் மட்டும் திரும்பியது, அதுவும் கார்டு வங்கி வழியாகத்தான். விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது. நீங்களும் பணம் கட்டும் முன்பே எடுத்து வையுங்கள். படகு எந்த ஊரில் ஏறுவது, என்ன படகு, தண்ணீரில் எத்தனை மணி நேரம் என்று மூன்றையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ட்ரோம்சோவிலிருந்தே நேராகக் கிளம்பும் பெரிய கப்பல்கள் உண்டு. நேரம் எடுக்கும், ஆனால் உள்ளே கதகதப்பாக உட்கார்ந்து போகலாம். கோடையில் வருகிறவர்கள் ட்ரோம்சோவை விட்டுவிட்டு ஆண்டெனஸ் என்ற ஊருக்குப் போங்கள். கரைக்குப் பக்கத்திலேயே ஆழ்கடல் பள்ளம் இருப்பதால் எண்ணெய்த் திமிங்கிலம் அங்கே வரும்.

நேற்று அந்தத் தளத்தை மறுபடி பார்த்தேன். "எல்லா வயதினருக்கும்" என்ற வரியைத் தூக்கிவிட்டார்கள். பஸ்ஸைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை இல்லை.