சேலத்தில் வேன் வேலை கொடுக்கப் போகிறீர்களா? ஊர் திரும்பும் தேதியைப் பட்டறையில் சொல்லாதீர்கள்

சேலத்தில் கொஞ்ச காலம் தங்கியிருக்கும்போதே வேனைத் தங்கும் வண்டியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பைபாஸ் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் எனக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரைப் பொதுவில் போடவில்லை.

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்பதால் அஸ்தம்பட்டியில் வாடகை வீடு பிடித்துக் குடும்பத்தோடு இருந்தோம். வார நாளெல்லாம் லேப்டாப், சனி ஞாயிறு வந்தால் ஏற்காடு, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், திரும்பும்போது கூட்டத்துக்குப் பயந்து குப்பனூர் வழி. இதற்கு நடுவில்தான் பழைய டெம்போ டிராவலரைப் பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் முதல் நாளே விசாரித்தார், எந்த ஊருங்க, என்ன வேலைங்க, எப்பங்க திரும்பிப் போறீங்க. கேட்கும்போது அக்கறையாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய மொத்தக் கணக்கும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

பகலில் நான் நேரில் வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். மீட்டிங் நேரமாகப் பார்த்து போன் வரும், "சார், பிளைவுட் எடுக்கணுங்க, ஒரு இருபதாயிரம் போட்டு விடுங்க." சனிக்கிழமை போய் நின்றால் ஆள் லீவு, கரண்ட் இல்லை, அடுத்த வாரம் முடிஞ்சிருமுங்க. வீட்டைக் காலி செய்யும் வாரம் வரைக்கும் வண்டி வெறும் கூடாகவே நின்றது, அந்தக் கடைசி வாரத்தில் ராத்திரி பகலாக எல்லாவற்றையும் அடித்து மூடிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கட்டிலும் சுவர்ப் பலகையும் ஏறிய பிறகு உள்ளே என்ன ஒயர் ஓடுகிறது என்று யாரால் பார்க்க முடியும்?

கிளம்புவதற்கு முன் ஒரு ராத்திரி ஏற்காட்டில் தங்கிப் பார்ப்போம் என்று மலை ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் மேல் அலமாரியின் கதவு கழன்று தொங்கியது, சரி, அது போகட்டும். காலையில் காபி போட இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து கருகும் நாற்றம். பையன் அதே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி அவனை வாரிக்கொண்டு இறங்கினாள், நான் பேட்டரி முனையைக் கழற்றினேன். இதை எழுதும்போதும் எனக்குப் பதறுகிறது.

பலகையைக் கழற்றிப் பார்த்தால், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், மேல்தோல் இளகி வழிந்திருந்தது. 1000 வாட் அடுப்பு ஓடினால் 12 வோல்ட் பக்கம் 83 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 90ஐத் தாண்டும். அதற்குக் குறைந்தது 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸே கிடையாது. ஒயரின் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம். பில்லில் சுத்தச் செம்பு என்றுதான் இருக்கிறது.

பிளைவுட்டும் அப்படித்தான். ஈரம் தாங்கும் மெரைன் பிளைக்குப் பணம் வாங்கியிருந்தார்கள், அதில் ஐஎஸ் 710 என்ற தர முத்திரை இருக்க வேண்டும், ஒரு பலகையிலும் இல்லை. மலைக் குளிரில் வண்டிக்குள் நம் மூச்சுக்காற்றின் ஈரமே தகரத்தில் வேர்த்து வழியும். ஒரே ராத்திரியில் பலகை ஓரமெல்லாம் டீயில் நனைத்த வர்க்கி மாதிரி ஊதிவிட்டது.

அப்புறம் ஆர்டிஓ. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க" என்று அதற்கும் தனியாக வாங்கினார்கள், விண்ணப்பமே போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க வாய்ப்பு அதிகம். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்கும்வரை தகரத்தில் கை வைக்க விடாதீர்கள். சுவரை மூடுவதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டாவது போய், ஒயர் ஓடும் வழி முழுக்க போட்டோ எடுங்கள், பணத்தில் பெரிய பங்கை அதற்குப் பிறகு கொடுங்கள்.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று சுற்றிலும் பாடி கட்டும் தொழிலில் ஊறியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒயரிங்கைப் பிரித்து மறுபடி செய்து கொடுத்தவரும் சேலத்துக்காரர்தான், அம்மாபேட்டையில் இருக்கிறார், ஒவ்வொரு இணைப்பையும் மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வேறு ஊரிலிருந்து வந்து இதே மாதிரி கடைசி வாரத்தில் வண்டியை மூடிக் கையில் வாங்கியவர்கள் இருந்தால், பில்லோ பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோ எதையும் அழிக்காமல் எனக்குத் தனியாக எழுதுங்கள், அதே பட்டறைதான் என்றால் சேர்ந்தே போகலாம்.