ஏறுதடிக்கு எந்தக் கயிறு: தும்பா, நைலோனா, பொலியெஸ்ரரா?

காலபோக நெல், கதிர் தண்டினுள் திரளும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால், பன்றிக்கும் யானைக்கும் காவலிருப்பதற்காகப் பரண் ஏறும் கமக்காரர் வன்னியெங்கும் இருக்கின்றனர். மரத்தில் ஆணியடித்துப் படி வைப்பதை நான் ஒரு தெரிவாகவே கொள்வதில்லை. ஆணி இறங்கிய இடத்தில் மரம் உளுத்து, படி ஆடத் தொடங்கிவிடும். இரண்டரை அடித் தடியில் இரண்டு மிதிகட்டைகளைப் பொருத்தி, அதனை அடிமரத்தோடு கயிற்றால் பிணைத்து ஏறும் ஏறுதடியே பாலைக்கும் மருதுக்கும் நல்லது.

கயிறு வாங்கும்போது அது எவ்வளவு பாரம் தாங்கும் என்றே எல்லோரும் கேட்கின்றனர். அது எவ்வளவு நீளும் என்று கேட்பதே முக்கியம். மிதித்தவுடன் தடி சற்றுக் கீழிறங்க, மரத்தின் பின்புறத்தில் உயர்ந்தும் முன்புறத்தில் தாழ்ந்தும் நிற்கும் கயிறு இறுகிப் பட்டையைக் கவ்வுகிறது. நாலடிச் சுற்றளவுள்ள மரத்தில் கயிறு நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டாலே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் தளர்ந்துவிடும். இருட்டில், ஈரக் காலோடு ஏறுபவருக்கு அது போதிய ஆபத்து.

தும்புக்கயிறு பட்டையை நன்றாகப் பற்றும், கையை அறுக்காது, விலையும் குறைவு. ஆனால் பாரம் ஏறினால் வெகுவாக நீளும். மாரியில் நனைந்தும் காய்ந்தும் உள்ளிருந்தே இற்றுப்போகும். ஒரு போகத்துக்குக் கட்டி, அறுவடையோடு கழற்றி எறிவதானால் மட்டும் அதனைப் பயன்படுத்தலாம்.

கடையில் நைலோன் என்று தரப்படும் நீலக்கயிறு பெரும்பாலும் நைலோனே அன்று, பொலிப்புரொப்பிலீன். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் அமிழ்த்தி விட்டுப் பார்த்தால், மிதந்து மேலே வருவது பொலிப்புரொப்பிலீன். நைலோனும் பொலியெஸ்ரரும் தாழும். மிதக்கும் கயிற்றை வெயில் அரித்துவிடும். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில், சிறுபோகம் முழுவதும் மரத்திலேயே விட்டிருந்த அத்தகைய கயிற்றை, அடுத்த மாரியில் சோதியாமல் நம்பி என் தம்பியை ஏறவிட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய தடிகளில் மூன்றாவதன் கயிறு அறுந்தது. இடுப்புக்கயிறு இருந்ததால் அவன் முழங்கை உரசலோடு தப்பினான். அறுந்த முனையைத் தேய்த்தபோது இழைகள் விரலில் நீல மாவாக ஒட்டின. அந்தத் தவறு என்னுடையது.

உண்மையான நைலோன் வலிமை மிக்கது, எனினும் இவை எல்லாவற்றிலும் ஏறுதடிக்கு நான் தெரிவது பொலியெஸ்ரரையே. நைலோன் பாரத்தில் நன்கு நீளும். நனைந்தால் தன் வலிமையில் பத்துப் பதினைந்து வீதத்தை இழக்கும். பொலியெஸ்ரர் குறைவாகவே நீளும், நீரை உறிஞ்சாது, வெயிலையும் நெடுநாள் தாங்கும். லொறிகளில் சுமை கட்டும் பட்டையும் பொலியெஸ்ரர்தான். ஆனால் அதன் இரும்புப் பூட்டு துருப்பிடிப்பதோடு, இறுக்கும்போது எழும் கடகடவென்ற ஓசை வயலோரத்தில் நிற்கும் பன்றிக்குக் கேட்டுவிடும்.

பத்து மில்லிமீற்றர் முப்புரிக் கயிற்றில் முடிச்சிட்டுக் கண், அதாவது முனை வளையம், அமைப்பது எளிது. ஆனால் முடிச்சு கயிற்றின் வலிமையில் பாதிவரை தின்றுவிடும். புரி பிரித்துப் பின்னிய கண்ணில் இழப்பு பத்து வீதமளவே. முனையை ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிரித்து, மடக்கி, ஒவ்வொரு புரியையும் கயிற்றின் புரிகளுக்கடியில் ஒன்றை விட்டொன்றாகச் செருகி இழுக்க வேண்டும். தும்புக்கு மூன்று சுற்றுச் செருகல் போதும். வழுக்கும் செயற்கை இழைக்கு ஐந்துக்குக் குறையலாகாது.

இக்கண்ணைத் தடியில் வெட்டிய காடியில் மாட்டி, மறுமுனையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தடியில் போல்ற் நட்டால் இறுக்கிய இருகொம்புக் கட்டையில் எட்டுவடிவில் மூன்றுமுறை சுற்றி, இறுதிச் சுற்றைத் தன்னடியிலேயே சிக்கவைக்கலாம். கயிற்றில் வரிசையாகக் கண்கள் வைத்து மாட்டும் முறை இதனினும் விரைவானது. ஆயினும் இரு கண்களுக்கு நடுவே வந்துவிழும் மரத்தில் தடி தளர்ந்தே நிற்கும். கொம்புக்கட்டைக்கு எந்தச் சுற்றளவும் ஒன்றே.

இடுப்புக்கயிறு தடியின் கயிற்றோடு சேராது, தனியே மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். அதற்கு நான் நைலோனையே வைத்திருக்கிறேன். தடியில் குறையாகும் அந்த நீட்சி, விழுபவரின் இடுப்பில் விழும் அதிர்வைத் தான் வாங்கிக்கொள்கிறது.