வசன அட்டையா, வருடத் திட்டமா, நாளுக்கு ஓர் அதிகாரமா?

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும், ஒரே ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை, ஜனவரி 1-ல் தொடங்கி வேதாகமம் முழுவதையும் முடிக்கும் வருட வேதவாசிப்புத் திட்டம், வேதாகமத்தின் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாளுக்கு ஓர் அதிகாரம். அன்றாட நடத்தைக்கு வேதத்தை நம்பியிருக்கிறவர்கள் நம் சபைகளில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைக் கைக்கொள்கிறார்கள். நான் தேர்ந்துகொண்டது மூன்றாவது.

அட்டையின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததே: வசனம் மனப்பாடமாகும், சோர்ந்த நேரத்தில் நாவில் வரும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலுள்ள மொராவியன் சபையார் 1731 முதல் அச்சிட்டு வரும் தினவசன நூலும் இந்த வகைதான். ஆனால் அவர்கள் சீட்டுப் போட்டு எடுத்த பழைய ஏற்பாட்டு வசனத்துக்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றையும் தேடிச் சேர்க்கிறார்கள். அட்டையில் அந்த அக்கறை இல்லை.

வருடத் திட்டத்தில் கணக்கு எளிது. மொத்தம் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனிவரை நாளுக்கு 3, ஞாயிறு 5 என்றால் 52 வாரத்துக்குள் முடிந்துவிடும். தடுமாற்றம் வரும் இடமும் தெரிந்ததுதான். ஜனவரி முடிவதற்குள் யாத்திராகமத்தில் வரும் ஆசரிப்புக்கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரத்தின், அளவுகளும், அதை அடுத்து லேவியராகமத்தின் பலிமுறைகளும் வந்து நிற்கும். அங்கே ஒரு வாரம் விட்டால் 23 அதிகாரம் பாக்கி. பிறகு பாக்கியை அடைப்பதற்காகவே கண் ஓடும். முழு வேதத்தையும் ஒருமுறைகூட வாசிக்காதவர் இதை ஒரு வருடம் செய்தே ஆக வேண்டும். அன்றாட வழிகாட்டுதலுக்கு இது போதாது.

ஏன் போதாது? ஒரு வசனம் யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று தெரியாமல் அதை நம் காரியத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிது. எரேமியா 29:11-ஐப் பாருங்கள். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வரி அட்டையில் வந்தால், விசா சீக்கிரம் கிடைக்கும், வேலை அமையும் என்று எடுத்துக்கொள்கிறோம். அதிகாரத்தைத் திறந்தால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அறிவித்தான். அது பொய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அட்டையை மட்டும் வாசிக்கிறவர் எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் நம்பிக்கையைச் சுமக்கிறார். இதில் எனக்கு உண்மையாகவே கவலை உண்டு, ஏனென்றால் நாள் தள்ளிப்போகும்போது அடிபடுவது அவருடைய விசுவாசம். வருடத் திட்டத்தில் இந்த இரண்டு அதிகாரங்களும் ஒரே நாளில் வரலாம், ஆனால் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

நாளுக்கு ஓர் அதிகாரம் இப்படிப் போகட்டும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வாசித்தால் சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு விட்டுப்போனதற்கு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மாற்கு (16), யாக்கோபு (5), பிலிப்பியர் (4), 1 பேதுரு (5): ஆறு வாரம். முதலில் சத்தமாக ஒருமுறை, பிறகு மெதுவாக ஒருமுறை. நோட்டில் மூன்றே வரி: யார் யாரிடம் பேசுகிறார்; கட்டளையா, வாக்குத்தத்தமா, எச்சரிப்பா; இன்று யாரிடத்தில் நான் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது வரியில் ஆள் பெயர் இல்லாவிட்டால் அது பொதுவான நல்லெண்ணமாகவே நின்றுவிடும். யாக்கோபு 5:4 பிடித்துவைக்கப்பட்ட கூலியைப் பற்றியது. அதை வாசித்த அன்று வீட்டுவேலை செய்கிறவருக்கு நிலுவை இருந்தால் எழுத வேண்டியது அவர் பெயரும் தொகையும். இப்படிப்பட்ட வசனம் வாக்குத்தத்த அட்டையில் வருவதே இல்லை.

எந்த வேலை, எந்த ஊர், எந்த வரன் என்பதற்கு அன்றைய அதிகாரத்தில் விடை தேடக் கூடாது. அங்கே வேதம் உங்கள் நோக்கத்தைச் சோதிக்கும். மீதியை ஜெபத்தோடும், உங்களை அறிந்த மூப்பர்களோடும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தீர்க்கதரிசன நூல்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஏசாயாவில் துன்பப்படும் தாசனைப் பற்றிய பகுதி 52:13-ல் தொடங்கி 53 முடியும்வரை ஒரே ஓட்டம். அதிகாரப் பிரிவு அதை நடுவில் வெட்டுகிறது. அங்கே அதிகார எண்ணை விட்டுவிட்டு, பொருள் முடியும் இடம்வரை வாசிப்பதே நல்லது.