மெரினோ கம்பளி உள்ளாடை: இரண்டு மலையேற்றங்களுக்குப் பிறகு

கர்நாடகத்தின் குக்கே சுப்பிரமணியாவிலிருந்து குமார பர்வத மலைக்கு முதல்முறை ஏறியபோது நான் அணிந்திருந்தது சாதாரணப் பருத்தி உள்ளாடை. மழை ஓய்ந்து சில நாள்களே ஆகியிருந்ததால் காட்டுக்குள் புழுக்கம் தாளவில்லை. வழியில் மலையேறுபவர்களுக்குச் சாப்பாடு போடும் பட்டர் வீட்டை அடைவதற்குள் துணி வியர்வையில் ஊறிக் கனத்துவிட்டது. அங்கே சோறும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தும் அது காயவில்லை. 1,712 மீட்டர் உயர உச்சிக்குப் போய் இறங்கி வருவதற்குள் தொடையிடுக்கு வெந்து, தோல் வழன்று, பெங்களூரு திரும்பும் பேருந்தில் கால்களைச் சேர்த்து வைத்து உட்காரக்கூட முடியாமல் தவித்தேன். காலணிக்கும் முதுகுப்பைக்கும் மழைக்கோட்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழித்த நான், உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணியைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

அந்தப் புண் ஆறிய பிறகு, இந்திராநகரில் மலையேற்றப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் மெல்லிய கம்பளியாலான உள்ளாடை இரண்டு வாங்கினேன். பாதித் தொடை வரை இறங்கும் வடிவம். ஒன்றின் விலை 2,800 ரூபாய். திருப்பூரில் அந்தப் பணத்துக்கு வீட்டில் எல்லாருக்கும் ஓராண்டுக்கான உள்ளாடை வாங்கிவிடலாம் என்பதால் கை கூசத்தான் செய்தது. உறையில் மூன்று விவரங்கள் அச்சிடப்பட்டிருந்தன: இழையின் தடிமன் 17.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), துணியின் எடை சதுர மீட்டருக்கு 150 கிராம், கலவை 87 விழுக்காடு மெரினோவும் 13 விழுக்காடு நைலானும். எந்த நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் இந்த மூன்றையும் படித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 200, 250 கிராம் துணிகள் பனிமலையில் குளிருக்காக மேலாடைக்கு அடியில் அணியும் சட்டை, காற்சட்டைகளுக்கு ஏற்றவை. உள்ளாடைக்கு 150 போதும். நைலான் கலப்பு துணிக்கு உறுதி தருவதற்காகச் சேர்க்கப்படுவது. அதைக் கலப்படம் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

கம்பளி என்றதும் அரிக்குமே என்று என் தோழிகள் எல்லாரும் கேட்டார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது சித்ரதுர்கா பக்கத்துக் குறுபர்கள் நெய்யும் முரட்டுக் கம்பளி. இழையின் தடிமன் ஏறத்தாழ 30 மைக்ரானைத் தாண்டும்போது அதன் நுனி வளையாமல் தோலைக் குத்துகிறது. நாம் அரிப்பு என்று சொல்வது இந்தக் குத்தலைத்தான். மெரினோ இழை மெலிதாக இருப்பதால் தோலில் பட்டதும் வளைந்துகொடுத்துவிடுகிறது. மெரினோ நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளும் அல்ல. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள். சிறுவயதில் அங்கே போனபோது ஓர் ஆட்டின் ரோமத்துக்குள் விரல்களை விட்டுப் பார்த்திருக்கிறேன். மேலே அழுக்கேறிப் பழுப்பாக இருந்த ரோமம் உள்ளே வெண்ணெய் நிறத்தில் சுருள்சுருளாக இருந்தது, விரல்களில் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டது. கடையில் உறையைப் பிரித்துத் துணியைத் தடவிப் பார்த்தபோது அந்தப் பசை இல்லையே தவிர, மென்மை அதேபோல்தான் இருந்தது.

உண்மையான சோதனை ஹிமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாயில் நடந்தது. குலு பள்ளத்தாக்கின் பசுமையிலிருந்து ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரம் வரை ஏறி, லாஹௌலின் வறண்ட பாறை நிலத்தில் இறங்கும் பாதை அது. ஐந்து நாள்களுக்கு இந்த இரண்டை மட்டுமே எடுத்துச் சென்று ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி அணிந்தேன். ஏறும்போது வியர்த்தது, ஆனால் துணி ஈரமாக இருப்பது போன்ற உணர்வே இல்லை. கம்பளி இழையின் வெளிப்புறம் நீரை ஒட்டவிடாது. உட்புறமோ நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வைத்துக்கொண்டும் தோலுக்கு உலர்வாகவே படும் என்பதால்தான் தொடையிடுக்கு இம்முறை வேகவில்லை. நாற்றத்தைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் மாலையில் என் பாலியெஸ்டர் டீ சட்டையைக் கூடாரத்துக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது. உள்ளாடையிலோ மழையில் நனைந்த ஆட்டின் மெல்லிய வாடை தவிர வேறெதுவும் இல்லை. வியர்வையின் மணமூலக்கூறுகளை இழை தனக்குள் பிடித்து வைத்திருந்து, துவைக்கும்போது விட்டுவிடுகிறது.

நான்காம் நாள் காலையில் சியாகோருவில் பனியுருகி வரும் ஆற்றைக் கையோடு கை கோத்துக் கடந்தோம். தண்ணீர் தொடை வரை ஏறி, உள்ளாடையின் கீழ்ப்பாதி முழுக்க நனைந்தது. அக்கரையில் கால்கள் மரத்துப்போயிருந்தன. துணியைக் கையால் அழுத்திப் பிழிந்துவிட்டு அப்படியே நடந்தேன். நனைந்த பருத்தி உடம்பிலுள்ள சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். இது நனைந்த நிலையிலும் சில்லென்று ஒட்டவில்லை, மதிய உணவுக்குள் நடையிலேயே காய்ந்துவிட்டது.

பெண்களுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இந்த மதிப்புரையை எழுதத் துணிந்தேன். உள்ளாடையை வெயிலில் காயப்போடக் கூடாது, மேலே துண்டையோ பாவாடையையோ போர்த்தி மறைவாகத்தான் உலர்த்த வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள் நாம். கூடார முகாமில் அந்த மறைவும் கிடைக்காது. அரைகுறையாகக் காய்ந்த பருத்தியை மீண்டும் அணிந்து படையும் அரிப்பும் வாங்கிக்கொண்டு, மருத்துவரிடம் சொல்லவும் கூச்சப்பட்டு இருந்த தோழிகள் எனக்கு உண்டு. மெரினோவைத் தினமும் துவைக்க வேண்டிய தேவையில்லை. இரவில் கூடாரத்தின் உட்கயிற்றில் காற்றாட விட்டாலே போதும். நடுவில் வைத்துத் தைக்கும் இரட்டைத் துணியும் மெரினோதானா என்று பார்த்து வாங்குங்கள். சில உள்ளாடைகளில் அந்த இடத்தில் மட்டும் பருத்தி வைத்திருக்கிறார்கள், அப்படியானால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். மாதவிலக்கு நாள்களில் நாப்கினின் பசை இந்தத் துணியில் உறுதியாகப் பிடிப்பதில்லை. எனக்கு ஏறும்போது இரண்டு முறை நகர்ந்துவிட்டது. அந்த நாள்களுக்கு வேறு உள்ளாடை வைத்துக்கொள்வதே நல்லது.

இனி குறை. வாங்கிய ஒன்பதாம் மாதத்தில், அதிகம் அணிந்த உள்ளாடையில் இரு தொடைகளும் உரசும் இடத்தில் மிளகளவில் ஓர் ஓட்டை விழுந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை செய்த என் சித்தி அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைக் காட்டினேன். கையை உள்ளே விட்டு விரித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றிலும் இன்னும் நான்கைந்து இடங்களில் நூல் இளைத்திருப்பதைக் காட்டி, “துணி நல்லாத்தான் இருக்குது கண்ணு, தொடைக்கிட்ட மட்டும் ரெட்டைத் துணி வச்சிருக்கோணும்,” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஈரமானால் பருத்தியின் வலு கூடும். கம்பளியின் வலு குறையும். வியர்வையும் உரசலும் ஒன்றாகச் சேரும் ஓர் இடத்தை ஒற்றைத் துணியில் விட்டது வடிவமைத்தவர்களின் பிழை. இந்த விலைக்கு அதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். கம்பளி புரதம் என்பதால், புரதக் கறையை நீக்கும் நொதிகள் சேர்த்த வழக்கமான சலவைத்தூள் இழையையும் அரிக்கும். ஒரு வாளி குளிர்ந்த நீரில் கம்பளிக்கான திரவச் சோப்பைச் சில துளிகள் விட்டு, ஐந்து நிமிடம் மெல்ல அழுத்தி அலசுகிறேன். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து நிழலில் கிடையாகப் போடுகிறேன். கம்பளியைத் தின்னும் பூச்சிகளுக்குப் பயந்து, இறுக மூடும் பையில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஈப்புழு தாக்காமல் இருக்க மெரினோ ஆட்டுக்குட்டிகளின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் வழக்கம் உண்டு. நியூசிலாந்து அதை 2018இல் தடை செய்துவிட்டது. எனது உள்ளாடையின் உறையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை அந்த வழக்கம் இல்லாத பண்ணைக் கம்பளி என்று எழுதியிருந்தால் மட்டுமே வாங்குவேன்.

பெங்களூரில் தினசரி அலுவலகத்துக்கோ, காலையில் நந்தி மலைக்கோ சாவனதுர்காவுக்கோ போய் மதியம் திரும்புவதற்கோ இது தேவையில்லை. அதற்குத் திருப்பூர்ப் பருத்தி தாராளமாகப் போதும். இரண்டு இரவுக்கு மேல் வெளியே தங்கும் பயணத்துக்கு ஒன்றாவது வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஓட்டை விழுந்த உள்ளாடையின் உட்புறத்தில், பழைய மெரினோ டீ சட்டை ஒன்றிலிருந்து வெட்டிய துண்டை வைத்துச் சித்தி கையாலேயே தைத்துக் கொடுத்திருக்கிறார். அதை அணிந்துகொண்டுதான் இந்த முறை குமார பர்வதம் ஏறப் போகிறேன்.