டர்பனில் டிசம்பர்: பிள்ளையை யாரிடம் விடுவது?

இங்கே தென்னாப்பிரிக்காவில் கோடை விடுமுறை டிசம்பரில்தான். 2025இல் அரசுப் பள்ளிகளை டிசம்பர் 10 அன்று மூடி, 2026 ஜனவரி 14 அன்று திறந்தார்கள். சனி, ஞாயிறு, நான்கு பொது விடுமுறை எல்லாம் கழித்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு 20 நாள் இடிக்கிறது. சட்டம் தரும் 21 நாள் லீவில் சனி ஞாயிறும் அடக்கம். உண்மையில் கையில் மிஞ்சுவது 15. அதிலும் ஊருக்குப் போக, காவடிக்கு என்று எடுத்தது போக என்ன இருக்கும்?

டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஆயா வீடுதான், அதாவது பாட்டி வீடுதான், எல்லாரும் முதலில் நினைப்பது. செலவு கிடையாது, லிச்சி, பூரி பத்தா (பூரியோடு சேப்பிலைச் சுருள்), பீன்ஸ் கறி என்று பிள்ளை வயிறு நிறையும். பள்ளியில் ஒரு தமிழ் வார்த்தை பேசாத என் மகன் போன வருஷம் "ஆயா, தண்ணி குடு" என்று கேட்டான். நாலு மாசம் தமிழ் வகுப்புக்குப் பணம் கட்டியும் நடக்காதது அது. ஆனால் எழுபதைத் தாண்டிய முழங்காலால் எட்டு வயதுப் பையன் பின்னால் ஓட முடியாது. மதியத்துக்கு மேல் டிவிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. தினமும் விட்டால் ஆயாவான என் மாமியாருக்கும் அலுத்துவிடும், சொல்லத்தான் மாட்டார்.

விடுமுறையில் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஹாலிடே கிளப்பில் நீச்சல், கைவேலை, கூட விளையாட ஆள் எல்லாம் உண்டு. ஆறு பிள்ளைகளுக்கு மேல் காசு வாங்கிப் பார்த்துக்கொண்டால் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி பதிவு வேண்டும். கூச்சப்படாமல் சான்றிதழைக் கேளுங்கள். நாங்கள் சேர்த்த இடத்தில் நான் கேட்க மறந்தது வேறு: டிசம்பர் 19இலிருந்து ஜனவரி 5 வரை அவர்களுக்கே விடுமுறை! பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

வீட்டு உதவிக்கு ஆள் வைத்தால், 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அப்போது எட்டு மணி நேரத்துக்கு 230 ராண்ட் சொச்சம்; பொது விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டிப்பு. சிறு பிள்ளை என்றால் இது நல்ல வழி. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர் கிறிஸ்துமஸுக்கு ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக்குப் போய்த் தன் பிள்ளைகளைப் பார்ப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை. அந்த வாரம் இருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடற்கரையைச் சும்மா கிடைக்கும் பொழுதுபோக்கு என்பார்கள். சுறா வலை 1952 முதல் இருக்கிறது, நீரோட்டத்தைத் தடுக்க வலை ஏது? உயிர்காப்பாளர் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறக்குங்கள். டிசம்பர் 26, ஜனவரி 1 அன்று கூட்டம் நெரியும், அந்தப் பக்கமே வேண்டாம். 1849இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, நிழலும் உண்டு.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் கிளப்பும் இல்லை, ஆளும் இல்லை. என் லீவை இனி அந்த வாரத்துக்கென்றே எடுத்து வைக்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் கிளப், ஜனவரியில் வாரம் மூன்று நாள் ஆயா, மீதி இரண்டு நாள் பக்கத்து வீட்டோடு மாற்றி மாற்றி. இந்த வருஷத்துக்குக் கிளப்பில் ஜூலையிலேயே பேசிவிட்டேன், மூடும் தேதியையும் கேட்டுக்கொண்டு.